எங்கள் எல்லோருக்கும் மூன்று மாதம்

ஆண், பெண், கிழவர், வாலிபர் என்ற பேதமே பார்க்காமல், ஓர் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்த அத்தனை பேரையும் மூன்று மாதக் கர்ப்பிணிகளாக நடத்திய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் குழாய் டாக்டர். அவர் கணக்கில், அறுபதைத் தொட்ட, முறுக்கு மீசை வைத்த எங்கள் சர்ஜனும் கர்ப்பிணி. கல்லூரியில் படிக்கும் பையனுக்குத் தாயான நானும் கர்ப்பிணி. அந்தக் கணக்கில் தன்னையும் அவர் சேர்த்துக்கொண்டதால் யாராலும் சண்டைக்குப் போக முடியவில்லை.

இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றதும், "நம்ம மானம் ஒரு தடவை கப்பலேறினது பத்தாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பத்தும்தான். எழுத உட்கார்ந்த இந்த நிமிஷம்கூடக் காது மடல் சுடுகிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதினால் வெட்கப்படாமல் எழுத முடியாது. அந்த மனிதர் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் பாதி அதுதான்.

மஞ்சூர் சாலையில் மலைச்சரிவை ஒட்டிக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. முன்பக்கம் பார்த்தால் கட்டடம் நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் போனால் மேல் பாதையில் நிற்பவர் கையை நீட்டிக் கூரையைத் தொடலாம். நான் அங்கே தியேட்டர் சிஸ்டர். மயக்க மருந்து கொடுக்க சமவெளியிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார் என்றார்கள். வந்தார். ஒல்லியாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். அபாரமான கூச்சம். பெண்களிடம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் தோளுக்குப் பின்னால் இருக்கிற சுவர்க் கடிகாரத்திடம் பேசுவார். நான் வணக்கம் சொன்னேன். பதிலுக்கு அவர் மயக்க மெஷினுக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, "இதோட வால் எங்க போகுது?" என்று கடிகாரத்தைக் கேட்டார்.

வால் என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆபரேஷனுக்கு ஊசி மட்டும் போதாது. மெஷின் வழியாக மயக்க வாயுவும் கொடுப்பார்கள். நோயாளி மூச்சு விடும்போது மிச்ச வாயு வெளியே வரும். அதை ஒரு குழாய் பிடித்துச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய் விட வேண்டும். இல்லையென்றால் அது அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளி ஒரு நாள் அதைச் சுவாசித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அங்கேயே வேலை பார்க்கிற நாங்கள் வருஷம் பூராவும் சுவாசிப்போம்.

எங்கள் மெஷினுக்கும் வால் இருந்தது. ஆனால் அது சுவருக்குள் போகாமல் மூலையில் தரையோடு சுருண்டு கிடந்தது. குழாய் டாக்டர் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பூச்சு பொத்துக்கொண்டு விழுந்தது. உள்ளே கையை விட்டு இழுத்தார். ஒரு பழைய கம்பளியின் முனை வந்தது. இழுக்க இழுக்க முழுக் கம்பளியும் வந்தது. எந்தக் காலத்திலோ ஒரு மார்கழியில், ஓட்டை வழியாகப் பனிக்காற்று அடிக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் கம்பளியைத் திணித்து மேலே பூசியும் விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த நாங்கள் அந்தச் சுவரைச் சுவர் என்றே நம்பிவிட்டோம்.

குளிர்ப் பிரதேசத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் குளிர் ஒன்றுதான் எதிரி. கதவைச் சாத்துவோம், ஹீட்டரைப் போடுவோம், இடுக்கில் துணி சொருகுவோம். சாயங்காலம் எல்லோருக்கும் தலை வலிக்கும். பனித் தலைவலி என்று சுக்குக் காப்பி குடிப்போம். நான் கேத்தியில் இறங்க வேண்டியவள், பஸ்ஸில் தூங்கிப்போய் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் கண் விழிப்பேன். கண்டக்டர்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. சர்ஜன் நாலு மணிக்கு மேல் கண்டபடி திட்டுவார். குழாயைச் சரி செய்த பிறகு தலைவலி போயிற்று, என் தூக்கமும் போயிற்று. சர்ஜனின் திட்டு மட்டும் போகவில்லை. அதற்கு வாயு காரணமில்லை என்று அப்போது நிரூபணமானது.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு உடம்பு சரியில்லையோ, யார் மனசொடிந்து இருக்கிறார்களோ, அவர்களுக்கு ஹீட்டர் மூலையில் ஸ்டூல் போட்டுக் கொடுப்போம். எங்கள் ஊர் அன்பு அப்படித்தான். வார்த்தையால் தேற்றத் தெரியாது, சூடாக உட்கார வைப்போம். அந்த வருஷம் அந்த ஸ்டூல் செல்விக்கு.

செல்வி சின்ன நர்ஸ். மஞ்சூரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நாள் நிறையும் முன்னே கலைந்துவிட்டது. வயிற்றில் தங்க வைக்கத் துப்பில்லாதவள் என்று மாமியார் குழாயடியில் நின்று பேசுவதாகக் கேள்வி. செல்வி எதிர்ப் பேச்சுப் பேசுகிறவள் அல்ல. தப்பு தன்மேல்தான் என்று நம்பிவிட்ட முகத்தோடு வேலைக்கு வருவாள். நாங்கள் இருக்கிற அன்பையெல்லாம் கூட்டி அவளை அந்த மூலையில், மெஷினின் வால் சுருண்டு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம்.

குழாய் டாக்டர் அந்த வாலையும் ஸ்டூலையும் பார்த்தார். ஸ்டூலைத் தூக்கிக் கதவோரம் போட்டார். ஹீட்டரையும் உருட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்தார். எதற்கு என்று கேட்டேன். சொன்னார். இந்த வாயுவை நாள் பூராவும் சுவாசித்தால் கரு கலையவும் கூடுமாம். கேட்டு முடித்ததும் எனக்குச் செல்வி இருந்த பக்கம் திரும்ப முடியவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்தது எங்கே போய் நின்றிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதி கிடையாது. காலையில் சோப்பு நுரையும் பிரஷுமாக வந்து, பஞ்சர் கடைக்காரரைப் போல மெஷினின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். ஒரு குமிழ் வந்தாலும் ஆபரேஷன் ஆரம்பிக்காது. நாங்கள் மூக்கை உறிஞ்சி, "வாசமே வரலீங்களே சார்" என்போம். வாசம் வருகிற அளவுக்கு விட்டால் அது எப்போதோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தமாம். மூக்கை நம்பாதீர்கள் என்று அவர் சொன்ன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. புதிய குழாயைச் சுவரைத் தாண்டி மேல் பாதைப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அந்தக் குழாய் வாயருகே உட்கார்ந்த குரங்கொன்று கொட்டாவி விட்டதாக வாட்ச்மேன் ஊரெல்லாம் சாட்சி சொன்னார். குழாய் டாக்டர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். சொந்தப் பெயரை அன்றோடு எல்லோரும் மறந்தோம்.

மெஷினில் மயக்க மருந்து ஊற்றும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். சர்ஜனும்தான். பனி இறங்குகிற வராந்தாவில் பச்சை கவுனோடு சர்ஜன் நடுங்கிக்கொண்டு நிற்க, அவரிடம் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட பழைய நோயாளி ஒருவர், "ஏனுங்க டாக்டரு, உங்களை வெளிய அனுப்பிப் போட்டாங்களா?" என்று விசாரித்தார். அன்று நாலு மணி வரை காத்திருக்காமல் காலையிலேயே திட்டு ஆரம்பமாகிவிட்டது.

இனிதான் மூன்று மாதக் கதை.

தியேட்டரில் வேலை செய்யும் பெண் உண்டானால் உடனே சொல்ல வேண்டும், வார்டுக்கு மாற்றிவிடுவோம் என்று ஒரு விதி இருந்தது. நல்ல விதி. யாரும் கடைப்பிடித்ததில்லை. எங்கள் பக்கம் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டோம். கண் படும். அதைவிட, தங்காமல் போய்விட்டால் எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். செல்விக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வாயு விஷயத்தில் மிகவும் பயப்பட வேண்டியதே அந்த முதல் மூன்று மாதம்தான் என்கிறார் டாக்டர். பாதுகாக்க வேண்டிய நாட்களில் சொல்ல மாட்டோம். சொல்லும்போது பாதி நாள் போயிருக்கும். எங்கள் ஆயா தெய்வானை ஒரு நாள் டீ ஊற்றிக்கொண்டே இதை அவருக்கு விளக்கினாள். மனிதர் சிவந்து, டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை எல்லோரையும் தியேட்டரில் நிற்க வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னையிலருந்து இந்த ரூமுக்குள்ள வர்ற எல்லாருக்கும் மூணு மாசம். எனக்கும்தான். அப்படி நெனச்சுத்தான் நான் மெஷினைத் தொடுவேன். யாரும் எங்கிட்ட எதையும் சொல்ல வேண்டாம். நானும் கேக்க மாட்டேன்."

தெய்வானைதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, எனக்கு அம்பத்தேழு ஆச்சுங்க. ஊட்டுக்காரரு போயே பத்து வருசமாச்சுங்க."

"பரவாயில்லம்மா" என்றார் டாக்டர்.

தெய்வானை அன்று சாயங்காலமே இதைக் கேத்தியில் கேரட் மூட்டை கட்டும் தன் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அங்கிருந்து அது லாரி ஏறி மலை முழுக்கப் போய்விட்டது. போகிற வழியில் 'அப்படி நினைத்து' என்ற வார்த்தை மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. மறுவாரம் பஸ்ஸில் ஒரு பாட்டியம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். என்னை ஊட்டி வரை தூங்கவிட்ட அதே கண்டக்டர், "பாத்து எறங்குங்க அக்கா" என்று கையைப் பிடிக்க வந்தார். டீக்கடையில் என் வீட்டுக்காரரிடம் மிட்டாய் கேட்டிருக்கிறார்கள். கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து பையன் போன் செய்து, "அம்மா, நெசமாவா?" என்று கேட்டான். சர்ஜனுக்கு யாரோ ஒரு நோயாளி வீட்டில் ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

நான் நேராகப் போய்க் கேட்டேன். "உங்களால ஊருக்குள்ள தலைகாட்ட முடியலீங்க சார்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் வெட்கமாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா ஒரு பொண்ணுகிட்டப் போய் உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேக்கறது இதைவிட வெட்கம். அதை அந்தப் பொண்ணு சொல்றது அதையும்விட வெட்கம். ஒருத்தியே அம்புட்டையும் சொமக்கறதுக்குப் பதிலா, நாம எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்குவோமே."

எனக்குக் கோபம் போகவில்லை. இது என்ன பொரிகடலையா, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ள என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆனால் வந்து பார்த்தபோது, கதவோர ஸ்டூலில் செல்வி எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் கேலி செய்கிற ஊரில் அவளைத் தனியாகப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஆடி மழையில் அவளுக்குக் காலையில் குமட்ட ஆரம்பித்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது எங்கள் ஊர் மரியாதை. நான் கையுறைப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையாவது தங்க வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். டாக்டருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க மாட்டேன் என்று சொன்னவர் கேட்கவில்லை.

அந்த மழையில் ஒரு நாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்குக் குடல்வால் ஆபரேஷன். சர்ஜன் தையல் போட ஆரம்பித்திருந்தார், நான் ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், செல்வி சாமான் எடுத்துத் தந்துகொண்டிருந்தாள், தெய்வானை ஓரத்தில் நின்றாள். திடீரென்று மெஷினில் தொங்கும் மூச்சுப் பை சுருங்காமல் உப்ப ஆரம்பித்தது. டாக்டர் ஒரு நொடிதான் பார்த்தார். வெளியே குழாய் எங்கோ அடைத்துக்கொண்டது. அழுத்தம் திரும்பி நோயாளியின் நுரையீரலுக்கே வரும். குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிவிட்டால் நோயாளிக்கு ஆபத்தில்லை; ஆனால் வாயு முழுவதும் அறைக்குள்தான் கொட்டும். பிடுங்கிவிட்டார்.

செல்வி வெளியே போக வேண்டும். அவளை மட்டும் போகச் சொன்னால் அவள் ரகசியம் அந்த நிமிஷமே ஊர்ப்பேச்சு. டாக்டர் அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"மூணு மாசக்காரங்க எல்லாம் வெளிய போங்க. உடனே."

தெய்வானைதான் முதலில் புரிந்துகொண்டாள். அந்தப் பேச்செடுத்தாலே முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறவள், அன்று நிமிர்ந்து, "வா கண்ணு, நமக்குத்தான் சொல்றாங்க" என்று செல்வியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

சர்ஜன் ஊசியும் கையுமாகத் தலையைத் தூக்கினார். "ஏன்யா, எங்களுக்கு இல்லையா?"

"உங்க ரெண்டு பேருக்கும் பிரசவம் ஆயிருச்சு சார். தையலை முடிங்க" என்றார் டாக்டர்.

ஊசி நீட்டுகிற கை சிரிப்பில் குலுங்கக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் வாயுவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, ஊசி மருந்துக்கு மாற்றிவிட்டார். முடித்தோம். அந்தப் பெண் நல்லபடியாக விழித்துக்கொண்டாள்.

செல்வியை வெயிட்டிங் ஹாலில் உட்கார வைத்துவிட்டுத் தெய்வானை மழையோடு மேல் பாதைக்கு ஏறிப் போயிருக்கிறாள். குழாய் வாயில் ஒரு மப்ளர் இறுக்கித் திணித்திருந்தது. பக்கத்திலேயே தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு நோயாளியின் புருஷன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகிற குழாய் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அத்தனை குளிரும் தன் பெண்டாட்டிமேல் அல்லவா இறங்கும் என்று, கழுத்தில் கிடந்த ஒரே மப்ளரைக் கழற்றிச் சொருகியிருக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் அவன் டாக்டர் காலில் விழ வந்தான். அவமானத்தில் அழுதான். எங்கள் சுவருக்குள் கம்பளி திணித்த புண்ணியவான் ஞாபகம் வந்து, நாங்கள் யாரும் அவனைத் திட்டவில்லை. டாக்டர் அந்த ஈர மப்ளரைப் பிழிந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் மேல் ஸ்வெட்டரைக் கழற்றி அவன்மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் குழாய் வாயில் கம்பி வலை வந்தது. பக்கத்தில் ஒரு பலகையும் வந்தது: 'இதன் வழியாகக் குளிர் உள்ளே போகாது. அன்பு கூர்ந்து அடைக்காதீர்கள்.'

மாசியில் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. முழு மாதம், நல்ல எடை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மாமியாரும் கூட வந்தார். குழாய் டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் காற்றைச் சரி பண்ணியதால்தான் குழந்தை தங்கியது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள் என்றார். நான் தேடிப் போனேன். டாக்டர் சிலிண்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

"வெளிய வாங்க சார், அந்தம்மா நிக்கறாங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முன்ன போனது ரெண்டும் வாயுவாலதான் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இது குழாயாலதான் தங்குச்சுன்னும் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்குங்க சார் இத்தனை கூத்தும்?"

"தெரியாததுனாலதான். தெரியாத விஷயத்துல யாரு கொழந்தைய வெச்சும் சோதிச்சுப் பாக்கக் கூடாது." பிறகு, வராந்தா முழுவதும் கேட்கிற மாதிரி, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, "ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்லலாம். செல்வி மேல எந்தத் தப்பும் இல்ல. அதை அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க" என்றார்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தம்மாள் என் பின்னாலேயே நின்றிருந்தார்.

"அப்ப, நான் இந்தப் புள்ளையப் பேசுன பேச்செல்லாம்..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வராந்தாவில் போகிறவர்கள் பார்த்தார்கள், அவர் முந்தானையை எடுக்கவில்லை. செல்வி முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. பல வருஷமாகத் தூக்கிய ஒன்றை இறக்கி வைக்க இடம் தேடுகிறவள் மாதிரி இருந்தாள். பிறகு குழந்தையை மாமியார் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் டாக்டரும் அழுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. தட்டிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒப்பந்தம் முடிந்து அவர் மலை இறங்கிவிட்டார். எந்த ஊருக்குப் போகிறார் என்று சொன்னார். கூச்சத்தில் வாய்க்குள்ளேயே சொன்னதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, அங்கே இருக்கிற சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவர் உங்கள் மானத்தை வாங்குவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவார். கேட்டால் பசியில்லை என்பார். நம்பாதீர்கள். இரண்டாவது தடவையும் போய்க் கூப்பிடுங்கள், வந்துவிடுவார்.